விடுமுறை ஆராய்ச்சி வீணோ?

கோடை விடுமுறை எதற்கு என்னும் வினா நம் கல்லூரியில் ஆண்டுதோறும் எழுந்து, ஆண்டுதோறும் விடையின்றி அடங்குவதொன்று. தேர்வின் களைப்பைப் போக்கிக்கொள்ளுதற்கு என்பர் ஒரு சாரார். வரும் ஆண்டின் பாடங்களை முன்னரே பயின்றுகொள்ளுதற்கு என்பர் மற்றொரு சாரார். வீட்டிற்கு உதவியாகச் சிறிது பொருளீட்டுதற்கு என்பதைச் சொல்லாமலே செய்து காட்டுவோர் வேறொரு சாரார். அண்மைக் காலத்தில் இம்மூன்றனோடு நான்காவதாக ஒன்றும் சேர்ந்துள்ளது. அறிவியல் பயிலும் மாணவர் சிலர் ஆய்வுக்கூடமொன்றை அடைந்து, ஆறு அல்லது எட்டு வாரம் அங்கே தங்கி, ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையிற் சிற்றாராய்ச்சி செய்து திரும்புகின்றனர். இதனை வியந்து போற்றுவாரும் உளர். ‘பட்டமும் பெறாத பிள்ளைகட்கு ஆராய்ச்சியாவது!’ என்று நகைப்பாரும் உளர். இவ்விரு சாராருள் எவர் கூற்று ஏற்புடைத்து என்பதை, உண்மையாக நிகழ்ந்த ஓர் ஆராய்ச்சியை எடுத்துக்கொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

யான் துணிந்த முடிபை முன்னரே கூறிவிடுகின்றேன். மாணவர் செய்யும் கோடை ஆராய்ச்சி வீணன்று. ஆயினும் அதன் பயன், அதனைப் போற்றுவார் காட்டும் இடத்தில் இல்லை. அவர் புதியன கண்டுபிடித்தலைப் பயனென்பர். யானோ, தன் கண் கண்டதையும் சோதியாது நம்பலாகாது என்னும் பழக்கத்தைப் பயனென்பேன். அப்பழக்கம் வசதியுள்ளார் வீட்டுப் பிள்ளைகட்கு மட்டும் உரியதாய் நின்றுவிடலாகாது. இவ்விரண்டே ஈண்டு யான் சொல்ல வந்தவை.

யான் தமிழ் ஆனர்ஸ் வகுப்பினன். இயற்பியற் கருவிகளைக் கையாண்டு அறியேன். ஆயினும் விடுதியில் என் அடுத்த அறையில் உறைபவரும், இயற்பியல் ஆனர்ஸ் வகுப்பிற் பயில்பவருமாகிய நண்பர் ஒருவர், சென்ற கோடையில் எட்டு வாரம் மீயொலியைக் கொண்டு புற்றுக்கட்டிகளை ஆராயும் ஆய்வுக்கூடமொன்றிற் பணிபுரிந்தார். அவருடைய குறிப்பேட்டைப் படித்தும், அவரைப் பலகால் வினவியும் அறிந்தவற்றோடு, இத்துறையின் வரலாற்றிற் கண்டவற்றையும் சேர்த்து எழுதுகின்றேன்.

மீயொலி யாதென முதற்கண் கூறுவாம். மனிதர் செவி ஒரு நொடியில் 20 முதல் 20,000 வரை அதிரும் ஒலியையே கேட்க வல்லது. அதற்கு மேற்பட்ட அதிர்வினையுடைய ஒலி மீயொலி எனப்படும். மருத்துவர் கையாளும் மீயொலி நொடிக்குப் பல இலக்கம் முறை அதிர்வது. மலையை நோக்கிக் கூவுவோன், எதிரொலி வரும் காலத்தைக் கொண்டு மலையின் தொலைவை மதிப்பிடுதல் போல, கருவியும் உடலினுள் ஒலியை விடுத்து, எதிரொலி மீளும் காலத்தைக் கணக்கிடுகின்றது. உடலின் மெல்லிய தசையில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,540 மீட்டர் செல்லும். ஆதலின் ஒரு சென்டிமீட்டர் ஆழத்திலுள்ள பொருளைத் தொட்டு மீளுதற்கு ஒரு நொடியைப் பத்து இலக்கங் கூறாக்கினால் அவற்றுட் பதின்மூன்று கூறளவு காலமே அதற்கு வேண்டும். அத்துணை நுண்ணிய காலத்தைப் பல்லாயிரம் முறை அளந்து, அளந்தவற்றைக் கருமையும் வெண்மையுமாகத் திரையில் அடுக்குவதே நாம் காணும் படம். காற்றும் எலும்பும் இவ்வொலியைத் தடுப்பன. தோலுக்கும் கருவிக்கும் இடையே குளிர்ந்த ஜெல்லைப் பூசுவது இடைக்காற்றை அகற்றுதற்கேயாம்.

இனி, இவ்வொலி புற்றுநோயை அறிதற்கு உதவுமாறு யாங்ஙனம்? மார்பகத்தில் ஒரு கட்டி தென்படின், அது நீர் நிரம்பியதா, திண்ணியதா என்பதை மீயொலி எளிதிற் காட்டும். நீர்க்கட்டி எதிரொலியின்றிக் கருமையாய்த் தோன்றும். திண்ணிய கட்டியாயின் அதன் விளிம்பு ஒழுங்குடையதா, சிதறியதா என்றும், அது கிடையாகப் படர்ந்துளதா, நெடுக்காக ஓங்கியுளதா என்றும் நோக்குவர். இவையேயன்றி வன்மையும் ஓர் அடையாளம். புற்றுக்கட்டி பெரும்பாலும் சுற்றியுள்ள தசையினும் கடினமாயிருத்தலை மருத்துவர் தம் விரலால் அழுத்திப் பார்த்து நெடுங்காலமாக அறிந்து வந்தனர். விரல் செய்த அத்தொழிலை ஒலியாற் செய்விக்கும் முறையொன்றை 1991இல் ஜோனதன் ஓஃபிர் என்பாரும் அவர் கூட்டத்தாரும் வெளியிட்டனர். அழுத்துமுன் ஒரு படம், மெல்ல அழுத்திய பின் ஒரு படம். மெல்லிய தசை மிகுதியும் குழையும். வலியது குறைவாகக் குழையும். இரண்டு படங்களையும் ஒப்பிட்டால் வன்மையின் வரைபடம் கிடைத்துவிடும்.

என் நண்பர்க்கு அளிக்கப்பட்ட பணி இம்முறையைப் பற்றியதே. ஆயின் அவர் நோயாளர் ஒருவரையும் தொட்டாரல்லர். நம் நாட்டில் வீடுகளில் இனிப்பாகக் காய்ச்சி உறையவிடும் கடற்பாசியே அவர்க்கு உடலாக வாய்த்தது. கடற்பாசித் தூளை வெந்நீரிற் கரைத்து, ஒலியைச் சிதறச் செய்தற்குக் கிராஃபைட் பொடியைக் கலந்து, அச்சில் வார்த்து உறையச் செய்தால், ஒலிக்கருவிக்கு அது மனிதத் தசையையொத்த தோற்றந் தரும். தூளை மிகுத்துக் காய்ச்சிய வன்மையான சிற்றுருண்டையை அதன் நடுவே புதைத்துவிட்டால், அதுவே புற்றுக்கட்டியின் போலி. கேட்டற்கு எளிய இவ்வேலையில் முதல் மூன்று வாரம் கழிந்தன. விரைந்து கிளறினாற் காற்றுக்குமிழி தங்கிவிடும். குமிழி படத்தில் வெண்புள்ளியாய் மின்னும். ஆறவிடும் பொழுது கிராஃபைட் அடியிற் படிந்துவிடும். உருண்டை சூடான பாகில் உருகிப் போவதும் உண்டு. அவர் குறிப்பேட்டின் முற்பகுதியில் ‘பயனில்லை, மீண்டும் காய்ச்சுக’ என்னும் தொடரே மிகுதியும் காணப்படுகின்றது.

நிற்க. அவ்வெட்டு வாரத்துள் யான் சிறந்ததாகக் கருதும் நாள் ஏழாம் வாரத்தில் வந்தது. மேற்பார்வையாளர் பன்னிரண்டு பாளங்களைத் தாமே வார்த்து, எண் மட்டும் இட்டு அவர்பாற் கொடுத்து, ‘எவற்றுள் உருண்டை உளது, எவ்விடத்துளது என்று எழுதித் தருக’ என்றார். நண்பரும் முழுநாள் உழைத்து எழுதிக் கொடுத்தார். மறுநாள் அவர் அறிந்தது, பன்னிரண்டனுள் நான்கில் ஒன்றுமே புதைக்கப்படவில்லை என்பது. அவ்வெற்றுப் பாளங்களுள் இரண்டில் உருண்டை உண்டென்று இவர் இடஞ்சுட்டிக் குறித்திருந்தார். உருண்டையுள்ள பாளமொன்றிலோ ஒன்றும் இல்லையென எழுதியிருந்தார். ஒரு வெற்றுப் பாளத்தில் அவரை மயக்கியது சிறு குமிழி. மற்றொன்றில், அவர் கையே கருவியைச் சாய்த்து அழுத்தியமையால் எழுந்த நிழல். ‘தேடச் சென்றவன் காணாமல் வருவதைவிட, இல்லாததைக் கண்டுவருவதே எளிது என அன்று அறிந்தேன்’ என்று அவர் குறிப்பேட்டில் எழுதியுள்ளார். நம் வகுப்பறைகளில் ஓராண்டு முழுவதும் கேட்கும் விரிவுரைகளில் இவ்வொரு தொடர்க்கு ஈடானது யாதுளது?

இது மாணவர்க்கே உரிய மயக்கமென்று எண்ணற்க. இத்துறையின் வரலாறே இத்தகைய மயக்கமொன்றிலிருந்து தொடங்குகின்றது. ஆஸ்திரியா நாட்டு நரம்பு மருத்துவராகிய கார்ல் டூசிக் என்பார், தலையின் ஒருபுறத்தே மீயொலியை விடுத்து மறுபுறத்தே அதனை ஏற்று, மூளையின் உள்ளறைகளைப் படமாக்கலாம் என்றும், அதனால் மூளைக்கட்டிகளை அறியலாம் என்றும் 1942இல் எழுதினார். அவர் படங்களில் அவ்வறைகளைப் போன்ற நிழல்கள் தோன்றவுஞ் செய்தன. ஆயின் 1950களின் தொடக்கத்தில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் பிறர் ஆராய்ந்த பொழுது, மூளையில்லாத வெறும் மண்டையோட்டை நீரில் வைத்துச் சோதித்தாலும் அத்தகைய நிழல்களே எழுகின்றன என்பது தெளிவாயிற்று. எலும்பின் தடிப்பு வேறுபாடே மூளையின் உருவமாகத் தோன்றியிருந்தது. டூசிக் பொய்யுரைத்தாரல்லர், முதன்முதல் முயன்றவர் என்னும் புகழ் அவர்க்கு இன்றும் உண்டு. வெறும் மண்டையோட்டை முதலிற் சோதித்துப் பார்க்கவேண்டும் என்னும் நினைவு எழாதொழிந்ததே அங்கு நேர்ந்த குறை. நண்பரின் வெற்றுப் பாளமும் அம்மண்டையோடும் ஒரே பாடத்தைக் கற்பிப்பன.

அப்பாடத்தை முன்னரே கற்றிருந்தார் ஒருவர் வரலாற்றையும் காண்பாம். ஸ்காட்லாந்து நாட்டுக் கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்தில் மகப்பேற்று மருத்துவப் பேராசிரியராயிருந்தவர் இயன் டொனால்டு. கொதிகலன்களின் இரும்பில் உள்வெடிப்பு உளதா என மீயொலியாற் சோதிக்கும் கருவியொன்று அந்நாளில் தொழிற்சாலைகளில் வழங்கிற்று. 1955ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அவர், அறுவையில் அகற்றிய கருப்பைக்கட்டிகளையும் சூற்பைக் கட்டியொன்றையும் காரில் ஏற்றிக்கொண்டு ரென்ஃப்ரூ என்னும் ஊரிலிருந்த கொதிகலத் தொழிற்சாலைக்குச் சென்றார். ஆண்டுள்ளோர் அவற்றோடு ஒப்பிடுதற்கெனப் பெரியதொரு மாட்டிறைச்சித் துண்டத்தையும் கொணர்ந்து வைத்தனர். நோயுற்ற தசையின் எதிரொலி இன்னதெனக் கூறுமுன் நோயில்லாத் தசையின் எதிரொலி இன்னதென அறிதல் வேண்டுமன்றோ? கேட்டார் நகைத்தற்குரிய அவ்விறைச்சித் துண்டமே அன்றைய சோதனையை ஆராய்ச்சியாக்கிற்று.

பின்னர் 1958ஆம் ஆண்டு ஜூன் திங்களில், வயிற்றுக் கட்டிகளை மீயொலியால் ஆராய்தல் பற்றி அவரும் ஜான் மக்விகார், டாம் பிரவுன் என்னும் இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்தது. அந்நாட்களில் அவர்பால் வந்த பெண்மணி ஒருவரின் வரலாறு நினைவிற் கொள்ளத்தக்கது. வயிறு பெருத்து உடல் மெலிந்திருந்த அவர்க்கு இரைப்பையில் முற்றிய புற்றுநோய் என்றும், இனிச் செய்யத்தக்கது யாதுமில்லை என்றும் மருத்துவர் முடிவு கட்டியிருந்தனர். மீயொலிக் கருவியோ அங்கே புற்றுநோய்க்குரிய அடையாளத்தைக் காட்டாது, நீர் நிரம்பிய பெருங்கட்டியொன்றையே காட்டிற்று. வயிற்றைத் திறந்து நோக்கிய பொழுது அது சூற்பையில் வளர்ந்த, அகற்றத்தக்க கட்டியேயாயிற்று. அகற்றினர், அப்பெண்மணி பிழைத்தெழுந்தார். படம் காட்டியதைத் திறந்து சரிபார்த்தமையே அவர்க்கு உயிரளித்தது.

இனி, மாணவர் ஆராய்ச்சியை மறுப்பார் கூற்றுக்களை ஒவ்வொன்றாக நோக்குவாம்.

‘அறிவு முதிராதார் ஆராய்தல் தகாது’ என்பது முதற்கூற்று. மீயொலியின் வரலாற்றில் இளையோர் செய்தவற்றை நீக்கிவிட்டால் எஞ்சுவது மிகச் சிறிதே. குவார்ட்ஸ் முதலிய சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் தோன்றும் என்னும் உண்மையை ஜாக் கியூரி, பியேர் கியூரி என்னும் உடன்பிறந்தார் இருவரும் 1880இற் கண்டனர். இன்றைக்கும் மீயொலிக் கருவியின் முனையில் ஒலியை எழுப்புவதும் ஏற்பதும் இவ்வுண்மையே. அப்பொழுது பியேரின் வயது 21. கிளாஸ்கோவில் டொனால்டு செய்யும் முயற்சியைத் தற்செயலாய்க் கேள்வியுற்று, தாமே தொலைபேசியில் அவரை அழைத்து உதவ முன்வந்து, பின்பு உடலின் மேல் நகர்த்திப் படமெடுக்கும் கருவியை அமைத்துத் தந்த டாம் பிரவுனுக்கு வயது 23. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தே டாக்டர் பட்டத்துக்குப் பயின்ற ஜென் ஷூ என்னும் மாணவி, மீயொலித் துடிப்புக்களால் தசையைச் சிதைக்க இயலுமா எனப் பன்றியின் இதயத்தசையைக் கொண்டு ஆராய்ந்து வந்தார். கருவியின் இரைச்சலைப் பொறாத உடனுறை ஆய்வாளர் குறைகூறவே, அது செவிக்குக் கேளாவண்ணம் நொடிக்கு எழும் துடிப்புக்களின் எண்ணிக்கையைக் கூட்டினார். இரைச்சல் அடங்கியதோடு, முன்னர்ச் சிதையாத தசையும் சிதையலாயிற்று. தசையினுள் நுண்குமிழிகளை எழுப்பி, கத்தியும் வெப்பமும் இன்றிக் கட்டியைப் பொடியாக்கும் இம்முறையை ஈரற்கட்டிகட்குப் பயன்படுத்துதற்கு அமெரிக்க அரசின் மருந்து ஒழுங்காணையம் 2023ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் இசைவளித்தது. அம்மாணவி இன்று அப்பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியராவார்.

‘அவர் நூறாயிரத்தில் ஒருவர், நம் பிள்ளைகள் எல்லாரும் அத்தகையரோ?’ என்பது அடுத்த கூற்று. அல்லர்; இதனை யான் மறுக்கவில்லை. எட்டு வாரத்திற் புதுமை காண்பான் ஒருவனைப் பார்த்து ஏனையோரையும் அனுப்புதல் பேதைமையே. ஆயின் புதுமை காணாது திரும்பும் தொண்ணூற்றொன்பதின்மர்க்கும் வெற்றுப் பாளத்தின் பாடம் உறுதியாகக் கிடைக்கும். அவர் நாளை மருத்துவராவர், ஆசிரியராவர், வங்கியிற் கணக்கெழுதுவோராவர். எவராயினும், தம் தாயின் கையில் ஒரு மருத்துவ அறிக்கை வரும் நாளில் அதனைப் படிக்க வேண்டியவர் அவரே.

அவ்வறிக்கை எத்தகையது என்பதையும் சிறிது காண்க. மார்பகப் படங்களைக் குறித்து மருத்துவர் எழுதும் அறிக்கைக்கு அமெரிக்கக் கதிரியல் கல்லூரியார் வகுத்த பைராட்ஸ் என்னும் வரிசையொன்று உண்டு. 2003 முதல் மீயொலிப் படத்துக்கும் அது வழங்குகின்றது. மூன்றாம் வகை என்று எழுதினால், புற்றுநோயாயிருத்தற்கு நூற்றுக்கு இரண்டிற்கு மேற்படாத வாய்ப்பு உண்டு என்பதும், சில திங்கள் கழித்து மீண்டும் படமெடுத்து நோக்குதல் போதும் என்பதும் பொருள். ஐந்தாம் வகை என்றால் வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்குக் குறையாது. இடைப்பட்ட நான்காம் வகையினர்க்குச் சதைத்துணுக்கை ஊசியால் எடுத்து உருப்பெருக்கியில் நோக்குவர். இவ்வரிசை ‘உண்டு’, ‘இல்லை’ என்று மட்டும் கூறாது, ஐயத்தின் அளவையும் எண்ணாற் கூறுகின்றது. அவ்வெண்ணைப் படிக்கத் தெரியாதவன், மூன்றாம் வகையைக் கண்டு வீட்டையே கலக்குவான். அல்லது நான்காம் வகையைக் கண்டும் ‘ஒன்றுமில்லை’ என்று தாயைத் திருப்பி அழைத்து வருவான். இரண்டும் கேடு, பின்னையது பெருங்கேடு. எதிரொலி பொய்க்குமாற்றைத் தன் கையால் ஒருமுறை கண்டறிந்தவன் இவ்விரண்டனுள் ஒன்றையும் செய்யான்.

‘நோயாளரையே தொடாது கடற்பாசியைக் காய்ச்சிக்கொண்டிருத்தல் ஆராய்ச்சியா?’ என்பாரும் உளர். தொடாமையே தக்கது என்க. பயிலாத கையின் பிழைக்கு உறையும் பாகு பொறுக்கும், மனிதர் பொறார். மேலும், நம் நாட்டில் இக்கருவியை எவரும் எங்கும் எடுத்துச் செல்லவொண்ணாது. கருவில் உள்ளது பெண் என்று இதனால் அறிந்து அழித்த கொடுமை பெருகினமையால், 1994இற் சட்டமொன்று இயற்றப்பட்டு, 1996 முதல் நடைமுறைக்கு வந்து, 2003இல் மேலும் கடுமையாக்கப்பட்டது. அச்சட்டப்படி மீயொலிக் கருவியுள்ள நிலையங்கள் பதிவு செய்யப்படல் வேண்டும்; கருவின் பாலைக் கூறுதல் குற்றம் என்னும் பலகை ஆங்கே தொங்கல் வேண்டும். ஒரு தாயின் மார்பில் நோயைக் கண்டு உயிர்காக்கும் கருவி, அத்தாயின் வயிற்றிலுள்ள மகளைக் கொல்லுதற்கும் துணையாயிற்று. கருவிக்கு அறம் தெரியாது. அதனைக் கைக்கொள்வார்க்கே அறம் தெரிதல் வேண்டும். இளமையிலேயே அதன் வரம்புகளை அறிந்து பழகுதல், பின்னர்ச் சட்டத்திற்கு அஞ்சி அடங்குதலினும் சிறந்தது.

இதுகாறும் ஆராய்ச்சியின் பயனைக் கூறினேன். இனி, அது யார்க்குக் கிடைக்கின்றது என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. நண்பர் சென்ற ஆய்வுக்கூடத்திற்கு நம் கல்லூரியிலிருந்து இருவர் தெரிந்தெடுக்கப்பட்டனர்; சென்றவர் ஒருவரே. மற்றவர், மதிப்பெண்ணில் முதல்வராயிருந்தும், அவ்விடத்தைத் துறந்தார். அங்கே ஊதியம் இல்லை. உண்டியும் உறையுளும் தம் செலவு. அவரோ விடுமுறைதோறும் துணிக்கடையொன்றில் நின்று பெறும் கூலியைக் கொண்டே வரும் ஆண்டின் விடுதிக் கட்டணத்தைச் செலுத்துபவர். ‘ஆராய்ச்சி அடுத்த பிறவிக்கு’ என்று அவர் நகைத்துக்கொண்டே கூறினார். கேட்ட எமக்கு நகை வரவில்லை. இந்திய அறிவியற் கழகங்கள் மூன்று சேர்ந்து, உதவித்தொகையோடு கூடிய கோடை ஆராய்ச்சித் திட்டமொன்றை நடத்தி வந்துள்ளன, அது பாராட்டற்குரியதே. ஆயின் நாடு முழுவதற்கும் பொதுவான அவ்வாயில் நம்மவர் எத்துணைப் பேர்க்குத் திறக்கும்? ஏனைய ஆய்வுக்கூடங்களுட் பல மாணவர் உழைப்பை விலையின்றிப் பெறுகின்றன. விலையின்றி உழைக்க வல்லார் யாவர்? உழையாமலே உண்ண வல்லார் மக்களே. ஐயுற்றுச் சோதிக்கும் பழக்கம் அறிவுடைமையின் அடிப்படையாயின், அதனைச் செல்வர் வீட்டுப் பிள்ளைகட்கு மட்டும் அளித்துவிட்டு ஏனையோர்க்குப் பாடநூலை மட்டும் கொடுத்தல் நீதியாமோ?

ஆதலின் நம் கல்லூரித் தலைவர், ஆசிரியர், பழைய மாணவர் ஆகியோர்முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றேன்.

முதலாவது: பழைய மாணவர் சங்கத்தார் ஆண்டுதோறும் விழாவிற்கெனத் திரட்டும் பொருளில் ஒரு பங்கைக் கோடை ஆராய்ச்சி உதவிக்கென ஒதுக்குதல் வேண்டும். எட்டு வாரத்தின் உண்டி, உறையுட் செலவு நீங்கலாக, துணிக்கடை தரும் கூலிக்குக் குறையாத தொகை மாணவர் கையிற் சேர்தல் வேண்டும். அங்ஙனமன்றி வழிச்செலவு மட்டும் கொடுத்தல், பசித்தவனுக்கு இலை மட்டும் போடுதலை ஒக்கும்.

இரண்டாவது: ஆராய்ச்சி முடித்து மீண்டவர் கல்லூரியில் தம் அனுபவத்தை உரைக்கும் பொழுது, வென்றதை மட்டும் கூறாது, தோற்றதையும் கூறுதல் வேண்டும் என்னும் விதி செய்தல் நலம். என் நண்பரின் பன்னிரண்டு பாளங்களுள் அவர் சரியாகக் கூறிய ஒன்பது எவர்க்கும் பயன்படா. பிழைத்த மூன்றே இனிச் செல்வார்க்கு வழிகாட்டும். சான்றிதழுக்கும் விண்ணப்பத்திற்கும் என்றே ஆராய்ச்சி செய்வாரும் இக்காலத்துப் பெருகி வருகின்றனர். தோல்வியை அவையில் உரைக்கவேண்டும் என்னும் ஒரு கட்டுப்பாடு அவரை வடிகட்டிவிடும்.

மூன்றாவது எம் தமிழ் வகுப்பினரையும் சேர்த்தது. திரும்பி வரும் ஒவ்வொரு மாணவரும் தாம் செய்ததைத் தமிழில் நான்கு பக்கம் எழுதித் தரல் வேண்டும். அதனைத் திருத்தி எளிமையாக்குதல் தமிழ் மாணவர் பணியாதல் வேண்டும். இதன் இன்றியமையாமையை ஓர் உதாரணத்தாற் காட்டுவல். நம் ஊர்களில் ‘ஸ்கேன்’ என்னும் ஒரு சொல்லே எல்லாவற்றிற்கும் வழங்குகின்றது. எக்ஸ் கதிரால் எடுக்கும் சி.டி. படமும் ஸ்கேன், காந்தத்தால் எடுக்கும் எம்.ஆர்.ஐ. படமும் ஸ்கேன், ஒலியால் எடுப்பதும் ஸ்கேன். ‘ஸ்கேன் எடுத்தால் கதிர் உடம்பிற் பாயுமாம்’ என்று அஞ்சி, மார்பிற் கட்டியை மறைத்து வைக்கும் அம்மைமாருக்கு, மீயொலியில் அக்கதிர் இல்லை, இஃது ஒலியே என்று கூறுதற்கு நம்மிடம் சொல் இருந்தும் வழக்கில் இல்லை. மறுபுறம், ஒருமுறை மீயொலியால் நோக்கிவிட்டால் எல்லாப் புற்றுநோயும் இல்லையெனத் தெளியலாம் என்று நம்புவாரும் உளர். காற்று நிரம்பிய நுரையீரலின் உட்பகுதியை அது காட்டாதென்பதும், மார்பகத்திலும் எக்ஸ் கதிர்ப் படம் காட்டும் சில நுண்சுண்ணப் புள்ளிகளை அது தவறவிடக்கூடும் என்பதும் அவர் அறியார். 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் அடையாற்றிற் புற்றுநோய் மருத்துவமனை தோற்றுவித்த காலத்திலும், இன்றும், மருத்துவர் ஓயாது வேண்டுவது ‘காலந்தாழ்த்தாது வருக’ என்பதே. அவ்வேண்டுகோள் செவியில் ஏறுதற்கு மருத்துவக் கருவி மட்டும் போதாது, மொழியும் வேண்டும். தமிழ் ஆனர்ஸ் பயின்று என்ன செய்யப் போகின்றீர் என்று எம்மை வினவுவார்க்கு யாம் சொல்லத்தக்க விடைகளுள் இதுவும் ஒன்று.

மாணவ நண்பர்காள்! வரும் கோடைக்கு இன்னும் சில திங்களே உள. செல்ல இயன்றவர் செல்க. சென்ற இடத்தில் வெற்றுப் பாளத்தைக் கேட்டு வாங்கிச் சோதிக்க. செல்ல இயலாது கடையில் நிற்கும் தோழரை மறவற்க. அவர்க்குரிய இடத்தையும் தொகையையும் வேண்டிக் கல்லூரியாரை அணுகும் நாளில், தமிழ் வகுப்பு, இயற்பியல் வகுப்பு என்னும் வேற்றுமையின்றி ஒருங்கு செல்வோமாக.